வெள்ள நீர் புகுந்த கார் ஆம்ப்ளிஃபயரைச் சோதித்துச் சரிசெய்யும் முறை

கன்னியாகுமரி மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை ஆகிய இரண்டுமே உண்டு. ஆனி ஆடியில் சாரல், ஐப்பசி கார்த்திகையில் அடைமழை என்று ஆண்டின் பெரும்பகுதி ஈரத்திலேயே கழிகிறது. 2017 நவம்பர் 30 அன்று வீசிய ஒக்கி புயல், 2021 நவம்பரில் பெய்த பெருமழை, 2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாள்களில் தென்மாவட்டங்களை மூழ்கடித்த மழை ஆகியவற்றை எவரும் மறந்திருக்க மாட்டார்கள். பழையாறும் குழித்துறையாறும் பெருகும் காலங்களில், சானல்கரையிலும் வயலோரத்திலும் நிறுத்தப்பட்ட கார்களுக்குள் நீர் புகுவது புதிய செய்தியல்ல. பெரும்பாலான கார்களில், பாட்டின் ஒலியைப் பெருக்கி ஸ்பீக்கருக்கு அனுப்பும் ஆம்ப்ளிஃபயர் (சுருக்கமாக ஆம்ப்) முன் இருக்கைக்கு அடியிலோ டிக்கியின் தரையிலோதான் பொருத்தப்படுகிறது என்பதால், அதை நனைக்க நான்கு விரற்கடை நீரே போதும். வெள்ளமே வராமலும் நனைவதுண்டு: ஏசியிலிருந்து நீர் வடியும் குழாய் அடைத்துக்கொண்டால் முன்பக்கத் தரைவிரிப்புக்கு அடியில் நீர் தேங்கும், டிக்கிக் கதவின் ரப்பர் பட்டை தளர்ந்தாலும் அப்படியே.

நனைந்த ஆம்ப்பைக் கெடுப்பது நீர் மட்டுமல்ல. நீரில் கரைந்துள்ள உப்பும், பேட்டரியிலிருந்து இடையறாது வந்துகொண்டிருக்கும் மின்சாரமும் சேரும்போதுதான் பாகங்கள் பதிக்கப்பட்ட மின்சுற்றுப் பலகையான போர்டிலுள்ள செப்புத் தடங்கள் அரிக்கப்படுகின்றன. சாவியை எடுத்துவிட்டால் ஆம்ப்பில் மின்சாரம் இராது என்று பலர் நம்புகிறார்கள். உண்மையில் பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து வரும் தடித்த ஒயர் எந்தச் சுவிட்சின் வழியாகவும் செல்லாமல் நேரே ஆம்ப்பில் முடிகிறது. பாட்டு ஓடினாலும் ஓடாவிட்டாலும் அங்கே 12 வோல்ட் எப்போதும் நிற்கிறது. ஆகவே நீரில் நின்ற ஆம்ப்பை, 'ஓடுகிறதா என்று ஒருமுறை போட்டுப் பார்ப்போம்' என்று இயக்குவது, பிழைத்திருக்கும் பாகங்களையும் சேர்த்துக் கொல்வதாகும். மின்சாரம் கொடுத்துப் பார்ப்பது இந்த வேலையின் கடைசிப் படிகளில் ஒன்று. பின்வரும் முறை முழுவதும் அந்த வரிசையைக் காப்பதற்காகவே.

முதலில் செய்ய வேண்டியவை

நீர் ஏறிய காரை ஸ்டார்ட் செய்யாமல், பேட்டரியின் நெகட்டிவ் முனையை முதலில் கழற்றவும். இருக்கைகளுக்கு அடியில் மஞ்சள் நிற இணைப்பான்கள் கொண்ட ஒயர்கள் தென்பட்டால், அவை ஏர்பேக், சீட் பெல்ட் ஆகியவற்றுக்குரியவை. மீட்டர் முனையைக்கூட அவற்றில் வைக்கக் கூடாது. பேட்டரியைக் கழற்றிச் சில நிமிடங்கள் கழிந்த பிறகே இருக்கையை அகற்றவும். ஹைபிரிட் அல்லது மின்சாரக் காரானால் ஆரஞ்சு நிற ஒயர்கள் உயர் மின்னழுத்தம் உடையவை. அத்தகைய காரில் நீர் புகுந்திருந்தால் பயிற்சி பெற்ற பணிமனையினர் பார்க்கும்வரை எதையும் தொடாமல் இருப்பதே முறை.

ஆம்ப்பைக் கழற்றுவதற்கு முன் அது இருந்த நிலையிலேயே நீர் ஏறிய தடம் தெரியும்படி படம் எடுத்துக்கொள்ளவும். வெளியில் வாங்கிப் பொருத்திய ஆடியோ கருவிகள், பாலிசியில் தனியே குறிப்பிடப்பட்டு அவற்றுக்குரிய பிரீமியம் செலுத்தப்பட்டிருந்தால்தான் இழப்பீட்டில் சேரும். அவ்வாறு சேர்த்திருப்பவர்கள், காப்பீட்டு நிறுவனத்தின் சர்வேயர் பார்வையிடும்முன் மூடியைத் திறக்காமல் இருப்பது நல்லது. ஒயர்களையும் ஒவ்வொன்றாகப் படம் எடுத்துக் குறித்துக்கொண்டால், திரும்ப மாட்டும்போது ஸ்பீக்கர் ஒயர் தலைகீழாகாது.

எந்த நீர் புகுந்தது என்பதை இந்த இடத்தில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும், ஏனெனில் அதைப் பொறுத்துத்தான் எவ்வளவு அவசரம் என்பது அமையும். திருவட்டாறு, குலசேகரம் பக்கத்து மழைநீர் ஓரளவு உப்பற்றது. ஓரிரு நாள் தாமதித்தாலும் பல ஆம்ப்கள் மீள்கின்றன. வயல் வழியாக வந்த வெள்ளத்தில் தொலி எனப்படும் வயல் சேறும் உரத்தின் உப்புகளும் கலந்திருக்கும். தேங்காய்ப்பட்டணம், குளச்சல், முட்டம் போன்ற கரையோரங்களில் கடல்நீரோ கழிமுக நீரோ புகுந்திருந்தால் நேரத்தை மணிக்கணக்கில் எண்ண வேண்டியிருக்கும். மின்சாரத்தைத் துண்டித்த பிறகும், காய்ந்துபோன உப்புப் படலம் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டு அரிப்பைத் தொடரும். ஆதலால் உப்புநீரில் நனைந்த ஆம்ப்பை முதலில் காயவைக்கக் கூடாது. ஈரம் காய்வதற்குள் கழுவிவிட வேண்டும்.

கழுவலும் உலர்த்தலும்

மூடியைத் திறந்ததும், உள்ளே வேறெதையும் தொடுவதற்குமுன், சேமிப்பிலுள்ள மின்னூட்டத்தை வெளியேற்ற வேண்டும். ஆம்ப்பின் உள்ளே 12 வோல்ட் மட்டும் இருப்பதில்லை. அதை உயர்த்தி, திறனுக்கேற்ப நேர்மறையும் எதிர்மறையுமாக 25 முதல் 50 வோல்ட் வரையும், பெரிய ஆம்ப்களில் அதற்கு மேலும் உண்டாக்கும் மின்சுற்று இருக்கிறது. பேட்டரி ஒயர்கள் முழுமையாகக் கழற்றப்பட்ட நிலையில், 100 ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றை, மின்னூட்டத்தைச் சேமிக்கும் பெரிய கெபாசிட்டர்களின் இரு கால்களுக்கிடையே சில விநாடிகள் வைத்துப் பிடித்து, மீட்டரில் பூஜ்யம் வருவதை உறுதிசெய்யவும்.

அரிசிப் பானைக்குள் புதைத்து வைக்கும் வழக்கத்தால் பயன் எதுவும் இல்லை. அரிசி ஈரத்தைச் சிறிது இழுத்தாலும் உப்பு இருந்த இடத்திலேயே இருக்கும். அதனுடன் அரிசித் தூளும் போர்டில் சேரும். பித்தளைப் பாத்திரத்தின் களிம்பைப் புளியால் துலக்கிப் பழகியவர்கள் போர்டிலுள்ள பச்சைக் களிம்புக்கும் புளியையோ எலுமிச்சையையோ நாடுவதுண்டு. அந்த அமிலம், பல கால்கள் கொண்ட சிறு மின்னணுச் சில்லான ஐசியின் கால்களுக்கு அடியில் தங்கி, மறுபடியும் அரிக்கத் தொடங்கும் என்பதால் அதையும் தவிர்க்கவும்.

சூட்டை வெளியேற்றும் அலுமினிய உடலான ஹீட்சிங்க்கிலிருந்து போர்டைப் பிரித்தெடுக்க வேண்டும். டிரான்சிஸ்டர்களை அழுத்திப் பிடித்திருக்கும் பட்டைகளின் ஸ்குருக்களையும் போர்டின் ஸ்குருக்களையும் கழற்றினால் போர்டு தனியே வரும். டிரான்சிஸ்டருக்கும் அலுமினியத்துக்கும் இடையிலுள்ள மைக்கா அல்லது சிலிக்கான் தகடுகள் கிழியாமல் எடுத்து வைக்கவும். முதலில் சேறும் உப்பும் போகும்வரை நல்ல குடிநீரால் தாராளமாக அலசவும். கடலோர ஊர்களின் கிணற்று நீர் பல இடங்களில் உவர்ப்பாக இருக்கும். அதைப் பயன்படுத்தினால் கழுவியதன் நோக்கமே கெட்டுவிடும். அடுத்து பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரால் இரண்டு மூன்று முறை அலசி, மென்மையான பல்துலக்கும் பிரஷ்ஷால் ஐசியின் கால்களுக்கு இடையிலும் ஒயர் முனைகள் பொருத்தப்பட்டுள்ள கட்டைகளுக்கு அடியிலும் தேய்க்கவும். பேட்டரி நீர் என்று கேட்டு வாங்கும்போது ஆசிட் கலந்ததைக் கொடுத்துவிடாமல் பார்த்துக்கொள்ளவும். இறுதியாக 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைப் பிரஷ்ஷில் தொட்டுக் கழுவினால் அது மிஞ்சிய நீரையும் இழுத்துக்கொண்டு ஆவியாகும். அது எளிதில் தீப்பற்றக்கூடியது. அடுப்பும் பீடியும் அருகில் இருக்கக் கூடாது.

சுருள் வடிவ டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று போர்டின் நடுவில் இருக்கும். அதன் செப்புக் கம்பிச் சுற்றுகளுக்கு இடையே புகுந்த நீர் எளிதில் வெளியேறாது. பாகங்களில் மிக மெதுவாகக் காய்வது இதுதான். மேற்பரப்பு காய்ந்துவிட்டதை நம்பி இயக்கிய ஆம்ப்கள் கெடுவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம். நம் ஊரின் மழைக்காலக் காற்றில் ஈரப்பதம் மிகுதி என்பதால், நிழலில் வைத்துக் காயவைப்பதும் போதாது. அட்டைப்பெட்டி ஒன்றில் மேலும் கீழும் துளைகள் இட்டு, 60 வாட் குண்டு பல்பை அட்டையில் படாதபடி தொங்கவிட்டு, ஆல்கஹால் வாடை முற்றிலும் போன பிறகு போர்டை அதனுள் இரண்டு நாள் வைக்கலாம். உள்ளே வெப்பம் 50 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரை இருந்தால் போதும். ஹேர் டிரையரின் மிகுந்த சூட்டை ஒரே இடத்தில் காட்டினால் பிளாஸ்டிக் இணைப்பான்கள் வளையும்.

காய்ந்த போர்டை நல்ல வெளிச்சத்தில் பூதக்கண்ணாடியால் பார்க்க வேண்டும். செப்புத் தடத்தின் மேல் பச்சைக் களிம்பு, ஈயப்பற்றின் மேல் சாம்பல் நிறப் பொருக்கு, கெபாசிட்டர் தலையில் புடைப்பு, கறுத்த ரெசிஸ்டர் ஆகியவற்றைத் தேடவும். சில பழைய ஆம்ப்களில் பெரிய கெபாசிட்டர்களைப் போர்டோடு ஒட்டியிருக்கும் மஞ்சள் பசை, காலப்போக்கில் பழுப்பாகி, ஈரத்தை இழுத்து, மின்சாரத்தைக் கடத்தவும் அடியிலுள்ள கால்களை அரிக்கவும் தொடங்கும். நனைந்த போர்டில் அந்தப் பசை பழுத்திருந்தால் சுரண்டி எடுத்துவிடுவதே சரி. அரித்து அறுந்த தடத்தை, இருபுறமும் பளபளப்பான செம்பு தெரியும்வரை சுரண்டி, மெல்லிய ஒயரால் இணைத்து ஈயம் வைக்கலாம். ஐசிக்கு அடியில் தடங்கள் பரவலாக அழிந்திருந்தால், அதுவும் மிகச் சிறிய பாகங்கள் நெருக்கமாக அமைந்த டி வகுப்பு போர்டாக இருந்தால், விலை குறைந்த ஆம்ப்புக்காக மேலும் உழைப்பதில் பொருளில்லை என்பது என் கருத்து.

மின்சாரம் கொடுக்காமல் அளப்பவை

மல்டிமீட்டரை ஓம் அளவையில் வைத்து, பேட்டரி பாசிட்டிவ் முனைக்கும் கிரவுண்டு (எர்த்) முனைக்கும் இடையே அளக்கவும். சிவப்பு முனை பாசிட்டிவில் இருக்க வேண்டும். மாற்றி வைத்தால் உள்ளேயுள்ள டையோடு கடத்தி, குழப்பமான அளவைக் காட்டும். முதலில் குறைவாகத் தொடங்கி, கெபாசிட்டர் நிறைய நிறைய எண் ஏறிக்கொண்டே போனால் நல்ல குறி. ஓரிரு ஓமிலேயே நின்றுவிட்டால், மின்னழுத்தத்தை உயர்த்தும் பகுதியில் சுவிட்சுபோல் இயங்கும் மூன்று கால் டிரான்சிஸ்டர்களான மாஸ்ஃபெட்களில் ஏதோ ஒன்று ஷார்ட் ஆகியிருக்கிறது. ஐஆர்எஃப் 3205, ஐஆர்எஃப்இசட் 44 போன்ற எண்கள் அவற்றின் முகத்தில் பல ஆம்ப்களில் காணப்படும்.

எழுத்து நம்மை நோக்கியிருக்க, கால்கள் கீழே இருக்கும்படி பிடித்தால், அவற்றின் கால்கள் இடமிருந்து வலமாக கேட், டிரெய்ன், சோர்ஸ் என்று அமையும். மீட்டரை டையோடு அளவையில் வைத்து, கறுப்பு முனையை டிரெய்னிலும் சிவப்பை சோர்ஸிலும் வைத்தால் 0.4 முதல் 0.6 வரை காட்ட வேண்டும். மாற்றி வைத்தால் திறந்த சுற்றாகவோ மெல்ல ஏறும் எண்ணாகவோ இருக்க வேண்டும். இரு பக்கமும் பூஜ்யத்தை ஒட்டி வந்தால் அது போய்விட்டது. எல்லா மாஸ்ஃபெட்களின் டிரெய்னும் பாசிட்டிவ் முனையோடு ஒட்டியிருப்பதுபோல் காட்டுவதைக் கண்டு அஞ்ச வேண்டாம்; டிரான்ஸ்ஃபார்மரின் தடித்த சுற்று அவற்றை இணைப்பதால் அது இயல்பே. ஒன்று ஷார்ட் ஆனால் அதோடு இணையாக நிற்பவையும் அதுபோலவே காட்டும் என்பதால், ஐயத்துக்குரியவற்றைக் கழற்றித் தனித்தனியே அளக்க வேண்டும். ஒன்று போயிருந்தாலும் அந்த வரிசை முழுவதையும் ஒரே எண், ஒரே தயாரிப்பு கொண்டவையாக மாற்றுவதும், கேட்டுக்குச் செல்லும் சிறிய ரெசிஸ்டர்களைச் சோதிப்பதும் அவசியம். அவற்றை விட்டுவிட்டால் புதிய மாஸ்ஃபெட்களும் சில நொடிகளில் வெடிக்கும்.

ஸ்பீக்கர் பக்கத்திலுள்ள வெளியீட்டு டிரான்சிஸ்டர்களையும் டையோடு அளவையிலேயே பார்க்கலாம். கலெக்டருக்கும் எமிட்டருக்கும் இடையே ஷார்ட் காட்டுவது எந்தச் சேனல் (ஒரு ஸ்பீக்கருக்குரிய தனிப் பாதை) என்று குறித்துக்கொள்ளவும். இரண்டு சேனல்களும் ஒரே அமைப்புடையவை ஆதலால், நல்ல சேனலில் வரும் எண்ணைத் துணையாகக் கொண்டு கெட்ட சேனலை ஒப்பிடுவது, சுற்றுப்படம் கிடைக்காதவருக்குப் பெரிய உதவி. எமிட்டரோடு தொடராக உள்ள வெள்ளைச் சிமெண்ட் ரெசிஸ்டர்கள் திறந்துபோயிருக்கின்றனவா என்பதையும் பார்க்கவும்.

பழுதானவற்றை மாற்றிய பிறகு, மைக்கா அல்லது சிலிக்கான் தகடுகளின் இருபுறமும் உப்பைத் துடைத்துவிட்டு, மைக்காவாக இருந்தால் வெப்பக் களிம்பு தடவி, போர்டை ஹீட்சிங்க்கில் முழுமையாகப் பொருத்தவும். ஒவ்வொரு டிரான்சிஸ்டரின் உலோக முதுகுக்கும் ஹீட்சிங்க்குக்கும் இடையே தொடர்பு இருக்கக் கூடாது. டிரான்சிஸ்டர்கள் தொங்கிக்கொண்டிருக்கும் போர்டுக்கு ஒருபோதும் மின்சாரம் கொடுக்க வேண்டாம்.

முதல் மின்சாரம்

மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் பவர் சப்ளை இருப்பவர்கள் 12 வோல்ட், 2 ஆம்பியர் என்று வரம்பிட்டு இயக்கலாம். இல்லாதவர்களுக்கு நன்கு சார்ஜ் ஆன பேட்டரியும் காரின் 12 வோல்ட், 55 வாட் ஹெட்லைட் பல்பும் போதும். பேட்டரி பாசிட்டிவிலிருந்து 10 ஆம்பியர் ஃபியூஸ், அதன்பின் பல்பு, அதன்பின் ஆம்ப் என்று தொடராக இணைக்கவும். ஆம்ப்பில் முழு ஷார்ட் இருந்தாலும் பல்பு ஏறக்குறைய நாலரை ஆம்பியருக்கு மேல் விடாது என்பதால், வெடிப்பதற்கு மாறாகப் பல்பு எரியும். ஸ்பீக்கர் ஒயரோ, பாட்டை ஆம்ப்புக்குக் கொண்டுவரும் ஆர்சிஏ ஒயரோ இணைக்கப்படாமல் இருக்க வேண்டும்.

இணைத்தவுடன் பல்பு ஒருமுறை மின்னி அணைந்தால், கெபாசிட்டர்கள் நிறைந்தன என்று பொருள். தொடர்ந்து பிரகாசமாக எரிந்தால் உடனே கழற்றிவிட்டு முந்தைய பகுதிக்குத் திரும்பவும். பல்பு அணைந்திருக்கும் நிலையில், ஆம்ப்பின் பாசிட்டிவ் முனையிலிருந்து, ஆம்ப்பை எழுப்பும் சிறிய ஒயர் வந்து சேரும் ரிமோட் முனைக்குச் சிறிய ஒயர் ஒன்றைத் தொடவும். பல்பு மறுபடி மின்னி, மங்கி, ஆம்ப்பின் பவர் விளக்கு எரிய வேண்டும். ரிமோட் ஒயரைத் தொடாமலேயே ஆம்ப் தானாக எழுந்துகொண்டால், பாசிட்டிவ் முனைக்கும் அதன் பக்கத்திலுள்ள ரிமோட் முனைக்கும் இடையே உப்புப் படலம் பாலம் போட்டிருக்கிறது. காரை நிறுத்தி வைத்த இரவில் பேட்டரி இறங்கிப்போவதற்கும் இது காரணமாகும். அந்த முனைக் கட்டையைக் கழற்றி அடிப்பகுதியைக் கழுவினால்தான் தீரும்.

எந்த விளக்கும் எரியாவிட்டால், டிஎல் 494 என்ற எண் கொண்ட 16 கால் ஐசியைத் தேடவும். கேஏ 7500 என்பதும் அதற்கு இணையானதே. பழைய, நடுத்தர விலை ஆம்ப்களில் பெரும்பாலும் இதுவே இருக்கும். கிரவுண்டை ஆதாரமாகக் கொண்டு அளக்கும்போது, ரிமோட் கொடுத்த நிலையில் 12ஆம் காலில் 12 வோல்ட்டை ஒட்டியும், 14ஆம் காலில் 5 வோல்ட்டும் வர வேண்டும். 12ஆம் காலில் வராவிட்டால் ரிமோட் சுற்றிலுள்ள சிறிய டிரான்சிஸ்டரோ அதற்குச் செல்லும் தடமோ அரிக்கப்பட்டிருக்கும். 12இல் வந்து 14இல் வராவிட்டால் பெரும்பாலும் ஐசியே போயிருக்கும். இரண்டும் சரியாக இருந்து 4ஆம் காலில் 3 வோல்ட்டுக்கு மேல் நின்றால், பாதுகாப்புச் சுற்று அதை நிறுத்தி வைத்திருக்கிறது.

பவர் விளக்குக்குப் பதிலாக புரொடெக்ட் (பாதுகாப்பு) விளக்கு எரிந்தால், வெளியில் எதுவும் இணைக்கப்படாத நிலையில் குறை உள்ளேதான் இருக்கிறது. வெளியீட்டு டிரான்சிஸ்டர் ஷார்ட், வெப்பத்தை உணரும் தெர்மிஸ்டரின் கால்களில் அரிப்பு, பாதுகாப்புச் சுற்றின் பாகங்களிடையே எஞ்சிய உப்பு ஆகிய மூன்றையும் அந்த வரிசையில் பார்க்கவும். கடைசியாகச் சொன்னது மறுபடி ஒருமுறை ஆல்கஹாலால் கழுவியதும் தீர்ந்துவிடுவதைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

ஆம்ப் எழுந்துவிட்டால், நேர்மறை, எதிர்மறை வோல்ட் அளவுகள் இரண்டும் ஏறக்குறைய சமமாக இருக்கின்றனவா என்று அளந்துவிட்டு, ஸ்பீக்கர் முனைகளுக்கு வரவும். ஒவ்வொரு சேனலின் பாசிட்டிவுக்கும் நெகட்டிவுக்கும் இடையே டிசி அளவையில் 50 மில்லி வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். இந்த அளவை கிரவுண்டிலிருந்து எடுக்கக் கூடாது. சில வகை சுற்றுகளில் இரு முனைகளும் கிரவுண்டுக்கு மேலே 6 வோல்ட் அளவில் நிற்பது இயல்பாதலால், அது தவறான முடிவுக்குக் கொண்டுசெல்லும். இரு முனைகளுக்கு இடையே சில வோல்ட்டுகள் நின்றால், ஸ்பீக்கரை மாட்டிய கணமே அதன் காயில் (உள்ளேயுள்ள கம்பிச் சுருள்) சூடேறிக் கருகும். அளவு சரியாக இருந்தால், பல்பை எடுத்துவிட்டு 10 ஆம்பியர் ஃபியூஸுடன் மட்டும், வேண்டாத பழைய ஸ்பீக்கர் ஒன்றை மாட்டி, கைப்பேசியிலிருந்து குறைந்த ஒலியில் பாட்டு கொடுத்து ஒரு மணி நேரம் விடவும். பெருக்கத்தின் அளவை மாற்றும் கெயின் திருகைத் திருப்பும்போது கரகரவென்ற ஒலி வந்தால், அதனுள் கான்டாக்ட் கிளீனர் தெளித்துப் பலமுறை இருபுறமும் திருப்ப வேண்டும். மாறாவிட்டால் அந்தப் பாகத்தையே மாற்றவும்.

காரில் திரும்பப் பொருத்துதல்

ஆம்ப் சரியாகியும் காரில் மாட்டியதும் ஓடாமல் போவதற்கு ஒயர்களே காரணம். முறுக்கிய இழைகளின் இடையே நீர் நீண்ட தூரம் ஏறிச் செல்லும். முனையின் உறையை நீக்கிப் பார்த்து, இழைகள் கறுத்தோ பச்சையாகவோ இருந்தால் பளபளப்பான செம்பு தெரியும்வரை வெட்டிக்கொண்டே போகவும். விலை குறைந்த ஒயர் தொகுப்புகளில் அலுமினியத்தின்மேல் செம்பு பூசிய இழைகள் இருக்கும். அவை உப்புநீரில் தூளாகிவிடுவதால் முழுவதுமாக மாற்ற வேண்டும். பேட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள் இருக்க வேண்டிய ஃபியூஸ் ஹோல்டரின் உள்ளே களிம்பு உள்ளதா என்று திறந்து பார்க்கவும். பாடி எர்த் எடுத்த போல்ட்டைக் கழற்றி, பெயிண்ட்டும் துருவும் நீங்கித் தகடு தெரியும்வரை தேய்த்து, இறுக்கிய பின் பெட்ரோலியம் ஜெல்லி தடவவும். என்ஜின் வேகத்தோடு ஏறி இறங்கும் சீட்டி ஒலி, வெள்ளத்துக்குப்பின் பெரும்பாலும் இந்த எர்த்திலிருந்தே பிறக்கிறது. பாட்டு நன்றாக ஓடும்போது, பேட்டரி முனையில் உள்ள அளவுக்கும் ஆம்ப் முனையில் உள்ள அளவுக்கும் வேறுபாடு அரை வோல்ட்டைத் தாண்டக் கூடாது.

ஸ்பீக்கர்களும் நனைந்தவையே. 4 ஓம் ஸ்பீக்கர் மீட்டரில் 3 முதல் 4 ஓம் வரை காட்டும். கூம்பை இரு கைவிரல்களால் மெல்ல அழுத்தினால் உரசல் இருக்கக் கூடாது. மணவாளக்குறிச்சியை ஒட்டிய கடற்கரைகளின் கருமணலில் உள்ள இல்மனைட்டை காந்தத்தைக் கொண்டுதான் பிரித்தெடுக்கிறார்கள். அதே காரணத்தால், அந்த மணல் கலந்த நீர், தாழ்ந்த ஒலிக்கான ஸ்பீக்கரான வூஃபருக்குள் புகுந்தால், துகள்கள் காந்தத்தின் இடுக்கில் பற்றிக்கொண்டு காயிலை உராயும், கழுவினாலும் வராது. அப்படி உரசும் வூஃபரைப் புதிய கூம்பும் காயிலும் இட்டு மாற்றுவதோ, கைவிடுவதோதான் வழி.

கடலோரத்தில் வாழ்பவர்கள், சரிசெய்த போர்டின்மேல் முனைகளையும் திருகுகளையும் டேப்பால் மறைத்துவிட்டு, போர்டுகளுக்கென விற்கும் அக்ரிலிக் வார்னிஷை மெல்லியதாகத் தெளிப்பது உப்புக்காற்றுக்கு நல்ல காப்பு. ஆம்ப்பைப் பழைய இடத்திலேயே தரையில் கிடத்தாமல், பின் இருக்கையின் முதுகுப் பக்கம் பலகையில் உயர்த்தி, முனைகள் கீழ்நோக்கி இருக்கும்படி நிறுத்தலாம்; காற்று ஹீட்சிங்க்கின் மேல் செல்ல இடம் விட வேண்டும். ஒயர்களை ஆம்ப்புக்குள் நுழைவதற்கு முன் முனை மட்டத்துக்குக் கீழே ஒரு வளைவு இறக்கி மேலே கொண்டுவந்தால், ஒயரின் மேல் வழியும் நீர் அந்த வளைவின் அடியிலேயே சொட்டிவிடும்.